லேட் புத்தகத்தில் இல்லாத கட்டம்

எங்கள் பாடசாலையில் லேட் புத்தகம் என்று ஒன்று இருந்தது. அதைத் தொடங்கியவள் நான்தான். நீல மட்டை போட்ட பெரிய கொப்பி. திகதி, பெயர், தரம், வந்த நேரம், கையொப்பம் என்று அடிமட்டம் வைத்து ஐந்து கட்டங்கள் போட்டிருந்தேன். காலை ஏழரைக்கு மணி அடித்ததும் கேட்டை மூடிவிடுவேன். வெளியே நிற்கிற பிள்ளைகள் ஒவ்வொருவராகப் புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான் உள்ளே வரலாம். ஒரு மாதத்தில் மூன்று தடவை எழுதினால் அப்பாவோ அம்மாவோ வந்து கையொப்பம் வைக்க வேண்டும். அதுவரைக்கும் வகுப்பில் உட்கார முடியாது. இந்தச் சட்டமும் என்னுடையதுதான்.

எங்கள் அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். "உது கொஞ்சம் இறுக்கமாக் கிடக்கு, டீச்சர்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். நான் பார்த்த பார்வையில் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'ஏழரை'. கேட்டு மூடுகிற நேரத்தையும் அது குறிக்கும், சனியனையும் குறிக்கும். எனக்கு அது தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நேரம் தவறாமை என்பது என் தனிப்பட்ட கர்வம். நானும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளின் ஓர் அறைக் காம்பராவில், பிறந்து வளர்ந்தவள்தான். அம்மா கொழுந்து எடுக்கப் போனவள்தான். ஆனால் படித்த காலத்தில் ஒரு நாள் கூட நான் பிந்திப் போனதில்லை. ஒழுங்கான வரவுக்கு வருடாவருடம் கப் வாங்கியிருக்கிறேன். அந்தக் கப்புகள் ஹட்டனில் என் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் இன்றும் இருக்கின்றன. ஆசிரியையான பிறகும் அப்படித்தான். ஹட்டனிலிருந்து முதல் பஸ் எடுத்து, வட்டகொடைப் பக்கம் இருக்கிற எங்கள் பாடசாலைக்கு ஏழு மணிக்கு முன்னால் வந்துவிடுவேன். 'என்னால் முடிந்தது இவர்களால் ஏன் முடியாது?' என்ற கேள்வி எந்நேரமும் என் நாக்கு நுனியில் இருந்தது.

பத்தாம் தரத்தில் ஒரு பிள்ளை. ஜன்னல் ஓர வாங்கில் உட்காருவாள். அதிகம் பேசமாட்டாள். கணக்கு டீச்சர் அவளைப் பற்றிப் பேசினால் நிறுத்தமாட்டார், அவ்வளவு கெட்டிக்காரி. ஆனால் என் லேட் புத்தகத்தில் அவள் பெயர் வராத மாதமே இல்லை. ஏழு ஐம்பது, ஏழு ஐம்பத்திரண்டு, எட்டு. ஏன் லேட் என்று கேட்டால், "சும்மா டீச்சர்" என்பாள்.

எனக்கு அந்தச் 'சும்மா' என்ற வார்த்தையைக் கேட்டால் ரத்தம் கொதிக்கும். அந்த மாதம் மூன்றாவது தடவையாக அவள் கேட்டுக்கு வெளியே நின்றபோது, "போய் அம்மாவைக் கூட்டிட்டு வா. கையெழுத்து இல்லாம உள்ள வராத" என்று சொல்லிவிட்டேன். அவள் மூடிய கேட்டைப் பார்த்தாள். பிறகு பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தாள்.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஒரு வாரம் ஆனது.

பிடிவாதம் என்று நினைத்தேன். காலையில் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கு அன்றைய பேர் போய்விடும். பேர் என்றால் ஒரு நாள் வேலை, ஒரு நாள் கூலி. அதற்காக எந்தத் தாயும் யோசிப்பாள். இது எனக்குத் தெரியாத விஷயமா? லயத்தில் வளர்ந்த எனக்கு அது நினைவுக்கு வராமல் போனது இன்றைக்கும் உறுத்துகிறது.

அந்த வாரத்தில்தான் ஒவ்வொரு பாடசாலையிலும் மாணவர் தலைமையில் ஒரு செயற்றிட்டம் செய்ய வேண்டும் என்று சுற்றுநிருபம் வந்தது. பொறுப்பாசிரியை நான். பத்தாம் தரத்தில் ஐந்து பேரைத் தெரிவு செய்தோம். தலைமைக்கு ஒரு மாணவத் தலைவி. கேட்டடியில் என்னோடு லேட் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவளே அவள்தான். தோட்டத்து லொறி டிரைவரின் மகள், சரியான வாயாடி.

தலைப்பை நான் ஏற்கெனவே தயாராக வைத்திருந்தேன். பொலித்தீன் ஒழிப்பு. சுவரொட்டியில் என்ன படம் போடுவது என்பது வரைக்கும் யோசித்தாயிற்று. சொல்லி முடித்ததும் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாயாடிதான் ஆரம்பித்தாள்.

"டீச்சர், மாணவர் தலைமைன்னுதானே பேப்பர்ல போட்டிருக்கு?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அப்ப தலைப்பையும் நாங்க எடுக்கலாம்ல? நாங்க லேட் புத்தகத்த எடுத்துச் செய்யலாம்னு இருக்கோம்."

எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. நான் ஆரம்பித்த காரியத்தைப் பிள்ளைகளே ஆய்வு செய்யப் போகிறார்கள். தாமதம் எவ்வளவு மோசமாகிவிட்டது என்று கணக்குப் போட்டுக் காட்டுவார்கள், அதிபரின் வாயும் அடைபடும். சந்தோஷமாகப் புத்தகத்தைத் தூக்கிக் கொடுத்தேன்.

இடைவேளைகளில் நூலகத்தில் உட்கார்ந்து எண்ணினார்கள். நான் இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். "முடிஞ்சதும் காட்டுறோம் டீச்சர்" என்று பக்கத்தைக் கையால் மறைத்தார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் சுற்றுநிருபத்தில் ஆசிரியர் தலையிடக்கூடாது என்று அச்சடித்திருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

ஒரு வியாழக்கிழமை காட்டினார்கள். பெரிய தாளில் வரைபு போட்டிருந்தார்கள். லேட்டாக வருகிறவர்களில் பெரும்பாலானோர் பெண் பிள்ளைகள். அவர்களில் அநேகம் பேர் பணிய டிவிசன் லயங்களிலிருந்து, அதாவது தோட்டத்தின் கீழ்ப்பிரிவிலிருந்து, நடந்து வருகிறவர்கள். இதுவரைக்கும் நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னொன்னு இருக்கு டீச்சர்" என்று வாயாடி புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் திறந்தாள். "இந்த மூணு நாளும் பாருங்க. ஒருத்தர் பேரும் இல்ல. தோட்டத்துல வேலை நிறுத்தம் நடந்துச்சே, அந்த மூணு நாளு."

"தற்செயலா இருக்கும்" என்றேன்.

"மூணு நாளுமா டீச்சர்?"

அம்மாமார் மலைக்கு வேலைக்குப் போகாத நாட்களில் பிள்ளைகள் நேரத்துக்கு வந்திருக்கிறார்கள். புத்தகம் முழுக்க என் கையொப்பம் இருந்தது. அந்த மூன்று வெள்ளை நாட்களுக்கும் கீழே கூட நான்தான் கையொப்பம் வைத்திருந்தேன். அப்போது, பிள்ளைகள் திருந்திவிட்டார்கள் என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் பெரிய வேலை. புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஓரமாகப் பென்சிலால் ஆறாவது கட்டம் ஒன்றைப் போட்டார்கள். அதற்கு மேலே 'காரணம்' என்று எழுதினார்கள். பெயர் இருந்த ஒவ்வொரு பிள்ளையையும் தேடிப் போய்க் கேட்டார்கள். எனக்கு 'சும்மா' என்று சொன்ன பிள்ளைகள் அவர்களுக்குப் பதில் சொல்லியிருந்தார்கள். தம்பியைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வருகிறேன். தங்கச்சியை விட்டுவிட்டு வருகிறேன். அக்காவின் குழந்தையை விட்டுவிட்டு வருகிறேன். வேலைக்குப் போகிற தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பகலில் வைத்துப் பார்க்கிற இடம்தான் பிள்ளைக்காம்பரா. பென்சில் கட்டம் முழுக்க அந்த ஒரே காரணம்தான் மேலிருந்து கீழாக இறங்கிக்கொண்டே போனது.

"இத ஏன் என்கிட்ட ஒருத்தரும் சொல்லல?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

வாயாடி தரையைப் பார்த்தபடி சொன்னாள். "நீங்க கேட்டீங்க டீச்சர். ஆனா பதில் சொல்ற மாதிரி கேக்கல."

நான் திருப்பி அனுப்பிய அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரேயும் அதே காரணம் இருந்தது. ஒன்றரை வயதுத் தம்பி. வாயாடி அவர்கள் லயத்துக்கே போய்க் கேட்டு எழுதியிருக்கிறாள். அங்கே கேட்ட செய்தியையும் சொன்னாள். "அவ நின்னுட்டா டீச்சர். தீபாவளி முடிஞ்சதும் அவ சித்தி வந்து கொழும்புக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். உடுப்புக் கடையில வேலை."

தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது. அவளுக்குப் பதினைந்து வயது. "கையெழுத்தெல்லாம் வேணாம், நாளைக்கே வரச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினேன். அவள் வரவில்லை. மறுவாரம் இன்னொரு தடவை சொல்லி அனுப்பினேன். அதற்கும் வரவில்லை.

இதற்கிடையில் நாங்கள் ஒரு முட்டாள்தனம் செய்தோம். பிள்ளைகள் தங்கள் முடிவைச் சுவரொட்டியாக எழுதினார்கள். 'பிள்ளைக்காம்பரா ஏழே காலுக்குப் பிறகே திறக்கப்படுகிறது. பொறுப்பாக இருப்பவர் நேரத்துக்கு வருவதில்லை' என்று அதில் ஒரு வரி. என்னிடம் திருத்தக் கொண்டுவந்தார்கள். எனக்கு அந்த வரியைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. குற்றவாளி கிடைத்தாயிற்று, அது நானில்லை. சிவப்புப் பேனாவால் சரி போட்டுக் கொடுத்தேன். வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார்கள்.

இரண்டாம் நாள் இடைவேளை நேரத்தில், மழைக்குக் கொண்டுவந்த குடையைக் கம்பு மாதிரிப் பிடித்துக்கொண்டு பிள்ளைக்காம்பரா ஆயா நூலக வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். மூச்சு வாங்கியது.

"யாரு எழுதுனது?"

ஐந்து பேரும் எழுந்து நின்றார்கள். நானும் எழுந்து நின்றேன்.

"நான் எத்தன மணிக்கு எந்திரிக்கிறேன்னு தெரியுமா உங்களுக்கு? வர்ற சனிக்கிழம ஆறு மணிக்கு என் லயத்துக்கு வாங்க. என்கூட நடந்து பாருங்க. அதுக்கப்புறம் எழுதுங்க." என்னைப் பார்த்து, "டீச்சரும் வாங்க" என்றார். அந்த 'டீச்சரும்' கொஞ்சம் அழுத்தமாகத்தான் விழுந்தது.

சனிக்கிழமை தோட்டத்தில் வேலை உண்டு, பள்ளிக்கூடம் இல்லை. முதல் நாள் ஹட்டனுக்குப் போகாமல் சக ஆசிரியை ஒருவர் வீட்டில் தங்கிவிட்டு, விடிந்தும் விடியாததுமாக ஆயாவின் லயத்தடிக்குப் போனேன். ஐந்து பிள்ளைகளும் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஆயா தயாராக இருந்தார்.

அவர் இருக்கிற லயம் பணிய டிவிசனில். பிள்ளைக்காம்பராவும் அங்கேதான், அவர் காம்பராவிலிருந்து கல்லெறி தூரம். ஆனால் அவர் அதைத் தாண்டி மேலே ஏறினார். படி, ஒற்றையடிப் பாதை, மறுபடியும் படி. தோட்டத்து ஆபீஸ் முன்னால் பெரட்டு நடக்கிற இடம் வரைக்கும் ஏறினோம். பெரட்டு என்பது காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் பதிந்து வேலை பிரிக்கிற இடம். அங்கே முகத்தைக் காட்டினால்தான் அன்றைய பேர் விழும். ஆயா தன் முறை வரும்வரை நின்று பேர் பதிந்தார். அதோடு முடியவில்லை. ஆபீஸ் சுவரில் ஒரு பலகை. அதில் ஆணி ஆணியாகச் சாவிகள். பெரட்டு முழுக்க முடிந்து கிளாக்கர் ஐயா உள்ளே வந்த பிறகுதான் அதிலிருந்து பிள்ளைக்காம்பராச் சாவியை எடுத்துக் கொடுப்பார்.

காத்திருந்தோம். மணி ஏழு ஆனது. கொழுந்துக் கூடையோடு அம்மாமார் மலைக்கு ஏறிப் போய்விட்டார்கள். கிளாக்கர் ஐயா வந்து சாவியை எடுத்தார். மரக்கட்டை ஒன்றில் கட்டிய பழைய சாவி.

வாயாடி சும்மா இருப்பாளா? "ஐயா, இந்தச் சாவிய ஏன் இங்க வச்சிருக்காங்க?"

"அது அப்படித்தான் புள்ள. முந்தி இருந்தே அப்படித்தான்."

"ஏங்க ஐயா?"

அவர் யோசித்தார். "ஒரு காலத்துல பால்மா டின் காணாமப் போச்சாம். அப்ப இருந்த தொர சாவிய இங்க கொண்டு வந்து மாட்டச் சொன்னாராம்."

"எந்தத் தொரைங்க?"

"எனக்குத் தெரியாது. எனக்கு முந்தி இருந்தவரு சொன்னது."

"இப்ப பால்மா டின் எங்க ஐயா இருக்கு?"

கிளாக்கர் ஐயா ஆயாவைப் பார்த்தார். ஆயா அவரைப் பார்த்தார். "டின் எல்லாம் எப்பவோ நின்னு போச்சே" என்றார் ஆயா. கிளாக்கர் ஐயா முதலில் சிரித்தார். பிறகு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். நல்ல மனுஷன்தான். அவருக்கு அதுவரை அது ஒரு சாவி, அவ்வளவுதான். எனக்கு லேட் புத்தகம் அதுவரை ஒரு புத்தகமாக மட்டும் இருந்ததைப் போல.

இறங்கும் வழியில் வாயாடி ஆயாவிடம் கேட்டாள். "நீங்க ஒரு நாளாச்சும் சாவிய உங்ககிட்டத் தரச் சொல்லிக் கேக்கலியா?"

"கேட்டா என்னத்துக்குக் கேக்குறான்னு பாப்பாங்க. டின்ன களவாண்டவ நான்தானோன்னு நெனைப்பாங்க. அதுக்கு நடந்துட்டே போயிடலாம்."

பிள்ளைக்காம்பராவுக்கு வந்து சேரும்போது ஏழு இருபது. வாசற்படியில் ஏழெட்டுப் பெண் பிள்ளைகள், ஆளுக்கொரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். எல்லாரும் என் புத்தகத்தில் இருக்கிறவர்கள். அந்தப் பிள்ளையும் இருந்தாள். தம்பியைப் போர்வையில் சுற்றித் தோளில் சாய்த்திருந்தாள். என்னைக் கண்டதும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

ஆயா கதவைத் திறந்ததும் அவள் தம்பியைக் கொடுத்துவிட்டு, பக்கத்துப் பாதையில் விறுவிறுவென்று போய்விட்டாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

திங்கட்கிழமை காலை பிள்ளைகளே சுவரொட்டியைக் கிழித்தார்கள். ஐந்து பேரும் போய் ஆயாவிடம் மன்னிப்புக் கேட்டார்கள். நானும் கேட்டேன், சிவப்புச் சரி என்னுடையது அல்லவா? பிறகு தோட்டத்து முகாமையாளரான துரைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். பத்து வரி கூட இல்லை. சாவியை ஆயாவிடமே கொடுங்கள், பெரட்டுக்கு ஏறாமலே அவருக்குப் பேர் பதியுங்கள், அவர் ஆறு மணிக்கே திறப்பார், அம்மாமார் பெரட்டுக்குப் போகிற வழியிலேயே குழந்தைகளை விட்டுவிட்டுப் போவார்கள். இவ்வளவுதான். நான் முன்னால் கொஞ்சம் கனமான வசனங்களைச் சேர்க்கலாம் என்றேன். "வேணாம் டீச்சர், படிக்கிறதுக்குள்ள அவருக்கு அலுத்துப் போயிடும்" என்றார்கள்.

பத்து நாளில் சாவி ஆயாவின் கைக்கு வந்துவிட்டது. யாரும் கூட்டம் போடவில்லை, மாலை போடவில்லை. எத்தனையோ வருடமாகச் சுவரில் தொங்கியது, பத்து வரியில் இறங்கிவிட்டது. லேட் புத்தகத்தில் பெயர்கள் குறைந்துகொண்டே வந்தன. அதிபர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் புன்னகை செய்தார். அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆனால் அந்தப் பிள்ளை வரவில்லை. சாவி வந்தது, தம்பி ஆறு மணிக்கே அம்மாவோடு பிள்ளைக்காம்பராவுக்குப் போனான். அவள் மட்டும் வரவில்லை. தீபாவளிக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

செயற்றிட்ட அறிக்கையில் கடைசிப் பக்கம் பொறுப்பாசிரியரின் சிந்தனைக் குறிப்புக்கு. நான் எழுதிக் கொடுத்தேன்: 'மாணவர்கள் மிகுந்த ஆர்வத்துடன் செயற்பட்டனர். இவ்வனுபவம் அவர்களுக்குப் பெரிதும் பயனுள்ளதாக அமைந்தது.' வாயாடி படித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இது வருசாவருசம் எழுதுறதாச்சே டீச்சர். நீங்க என்ன நெனச்சீங்கன்னு இதுல இல்லையே."

தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். காரணம் கேட்டுப் போனபோது பிள்ளைகள் கொண்டுபோன கேள்வித் தாளில் ஒன்றும் என் பையில் இருந்தது. பஸ்ஸில் வரும்போது எடுத்துப் படித்தேன். 'உங்கள் வீட்டில் சிறு பிள்ளையைக் காலையில் பிள்ளைக்காம்பராவில் விடுபவர் யார்?' முதல் தடவையாக அந்தக் கேள்வியை என்னை நோக்கிப் படித்தேன். எனக்கும் ஒரு தம்பி உண்டு. என் அம்மாவும் விடியற்காலையில் மலைக்குப் போனவள். நான் கப் வாங்கிக்கொண்டிருந்த வருடங்களில் அவனைத் தூக்கிக்கொண்டு போனது யார்?

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் வட்டகொடையில் ரயில் ஏறி நானுஓயாவில் இறங்கி, வேன் பிடித்து, நாங்கள் பிறந்த தோட்டத்துக்குப் போனேன். என் அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். இப்போதும் கொழுந்து எடுக்கிறாள். மலையிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். நான் கேள்வித் தாளை எடுத்ததும் சிரித்தாள். "என்னடி, எனக்கும் பரீட்சையா?"

"தம்பிய யாரு விட்டா?"

"வேற யாரு, நான்தான். மொதல்ல ஒன்னக் கூட்டிட்டுப் போயி கேட்டுல விடுவேன். அப்புறம் திரும்பி வந்து அவனத் தூக்கிட்டுப் போவேன்."

"அப்ப நீ எப்ப ஸ்கூலுக்கு வருவ?"

"முடிஞ்சப்ப."

"ஏன் என்னைய மொதல்ல கொண்டு போயி விட்ட?"

"மணி அடிச்சிருமோன்னு வழியெல்லாம் அழுவியே நீ. கப்பு வேற குடுக்குறாங்க ஒனக்கு. ரெண்டு பேரும் லேட்டாப் போறதுக்கு ஒருத்தியாச்சும் நேரத்துக்குப் போகட்டும்னுதான்."

அக்கா ஏழாம் வகுப்போடு நின்றவள். அவளுக்குப் படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் சொல்லக் கேட்டு, நானும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். நாற்பத்தைந்து வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன்.

"லேட்டாப் போனதுக்குத் திட்டுனாங்கன்னுதான் நின்னியா?"

"அதெல்லாம் இல்லடி. திட்டு பழகிப் போச்சு. ஒரு வாரம் தம்பிக்குக் காய்ச்சல், போகல. அப்புறம் போறதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. டீச்சர் ரெண்டு தடவ சொல்லி அனுப்புனாங்க. சொல்லித்தான் அனுப்புனாங்க. யாராச்சும் வந்து கூப்புட்டிருந்தா போயிருப்பேன்." தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளினாள். "அதுக்கென்ன இப்ப? ஆறுது, குடி."

நானும் இரண்டு தடவைதான் சொல்லி அனுப்பியிருந்தேன்.

திங்கட்கிழமை பின்னேரம் அந்தப் பிள்ளையின் லயத்துக்குப் போனேன். இஸ்தோப்பில், காம்பராவுக்கு முன்னால் இருக்கிற அந்த ஒடுங்கிய தாழ்வாரத்தில், அவள் அம்மா விறகை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறிப்போய்க் கதிரையைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"நான் வந்து கையெழுத்துப் போட முடியல டீச்சர். பேரு போயிடும்னு..."

"கையெழுத்துக்கு வரலைங்க. மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். புள்ளையக் கூட்டிட்டுப் போகணும்."

அவர் கதிரையை என் பக்கம் நகர்த்தினார். "நான் போகாதன்னு சொல்லல டீச்சர். அவதான் வெக்கப்பட்டுக்கிட்டுக் கெடக்கா. அவ வந்தான்னா அவ சித்திகிட்ட நான் பேசிக்கிறேன்."

அந்தப் பிள்ளை உள்ளே கதவுக்குப் பின்னால்தான் நின்றாள். பாவாடை விளிம்பு தெரிந்தது. அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

"கேட்டு மூடியிருந்தா டீச்சர்?"

"மூடியிருக்காது."

"அம்மாகூடப் போகாம தம்பி அழுது, நானே கொண்டு போயி விட்டு லேட்டாச்சுன்னா?"

"லேட்டா வா."

இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவள் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவாடை விளிம்பு கதவுக்குப் பின்னாலேயே நின்றது. இருட்டுவதற்குள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்ததால் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் ஏழரைக்கு மணி அடித்தது. அவள் வரவில்லை. நான் கேட்டை மூடவில்லை. மண்டபத்தில் தேவாரம் பாடி முடித்தார்கள். அதிபர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் தன்பாட்டில் போனார். முதற்பாடத்துக்கான மணியும் அடித்தது. வாயாடி வகுப்பிலிருந்து ஓடி வந்தாள்.

"டீச்சர், பத்தாம் தரம். மொதப் பாடம் உங்களுதுதான்."

"தெரியும். நீ போ."

அவள் பாதையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பிப் போனாள். கேட்டுக் கம்பி பனியில் ஈரமாக இருந்தது. சித்தி முன்கூட்டியே வந்திருப்பாளோ என்று ஒரு நினைப்பு. நான் நேற்று உள்ளே போய் முகம் பார்த்துப் பேசியிருக்க வேண்டுமோ என்று ஒரு நினைப்பு. வாழ்க்கையில் முதல் தடவையாக, மணி போய்க்கொண்டிருப்பதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏழு ஐம்பதுக்கு வளைவில் ஒரு வெள்ளைச் சீருடை தெரிந்தது. ஓடி வந்தாள். ஒரு பின்னல் பாதி அவிழ்ந்திருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே, நான் கேட்காமலே சொன்னாள். "தம்பி விட மாட்டேனுட்டான் டீச்சர். காலக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஒரே அழுகை."

இரண்டு பேருமாக வகுப்புக்குப் போனோம். வாசலில் நீலப் புத்தகத்தோடு வாயாடி வழிமறித்து நின்றாள். அவளுக்குப் பின்னால் முழு வகுப்பும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"டீச்சர், நீங்க லேட்."

அடிக்கவா முடியும்? பேனாவை வாங்கினேன். திகதி எழுதினேன், பெயர் எழுதினேன், வந்த நேரம் எழுதினேன், கையொப்பம் வைத்தேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. பென்சிலால் கோடு போட்ட கடைசிக் கட்டத்தைக் காட்டினாள்.

"காரணம் டீச்சர்?"

"சும்மா" என்றேன்.

அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு என் கையிலிருந்து பேனாவை வாங்கி, என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினாள். கடைசிக் கட்டம் வந்ததும் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'தம்பி அழுதான்' என்று முழுதாக எழுதினாள்.